பொருந்தாத வரி

ஆகஸ்ட் 6

அன்புள்ள அண்ணாவுக்கு,

நான் இங்கே நலம். அம்மாவின் முழங்கால் வீக்கம் வடிந்ததா, உன் முதுகுவலி எப்படி இருக்கிறது, இரண்டையும் முதலில் எழுது. மற்றதெல்லாம் அப்புறம்.

விடுதியில் அறுபது பேருக்கு ஒரே ஒரு போன். அதன் பக்கத்தில் வார்டன் நாற்காலி போட்டு உட்கார்ந்து, பேசுவதையெல்லாம் கேட்டுக்கொண்டிருக்கிறார். கடிதமே மேல் என்று முடிவு செய்துவிட்டேன். உன் கையெழுத்து எவ்வளவு கிறுக்கலாக இருந்தாலும் எனக்குப் புரியும்.

அறை மூன்றாவது மாடியில். இரண்டு கட்டில், ஒரு மேசை, சரியாக மூடாத அலமாரி. கூட இருப்பவள் வேதியியல் படிக்கிறாள். முதல் நாளே, "நீ என்ன படிக்கிற?" என்று கேட்டாள். குறியீட்டுத் தர்க்கம் என்றேன். "அப்படின்னா?" "வாக்கியங்களை எழுத்தா மாத்தி, எதுலேர்ந்து எது வரும்னு கணக்குப் போடறது." "வீட்ல திட்டலையா?" என்றாள்.

வகுப்பில் பதினான்கு பேர். பேராசிரியை எப்போதும் கறுப்புக் கோட்டு போட்டிருப்பார். அதில் பாதி வெள்ளையாக இருக்கும். மேல் வகுப்புக்காரர்கள் அவருக்கு வைத்த பெயர் சாக்பீஸ். முதல் நாள் ஒரு கேள்வி கேட்டார். "நீ முதலாவதா வந்தா சைக்கிள் வாங்கித் தரேன்னு உங்க அப்பா சொன்னாரு. நீ முதலாவதா வரல. ஆனாலும் சைக்கிள் வாங்கித் தந்துட்டாரு. அவரு பொய் சொன்னாரா?" வகுப்பு இரண்டாகப் பிரிந்து அரைமணி நேரம் சண்டை. கடைசியில் அவர் சொன்னது: அப்படி ஒரு வாக்கு பொய்யாவது ஒரே ஒரு இடத்தில்தான். நிபந்தனை நடந்திருக்க வேண்டும், சொன்னது நடக்காமல் இருக்க வேண்டும். மற்ற மூன்று வகையிலும் அது பொய்யில்லை. எனக்கு இது பிடித்துப்போய்விட்டது.

அம்மாவுக்குக் கண் சரியில்லாததால் நீதான் வாசித்துக் காட்டுவாய் என்று தெரியும். வார்டன் பற்றிய வரியை விட்டுவிடு, கவலைப்படுவார்கள்.

அன்புடன்,
தங்கை

ஆகஸ்ட் 19

அன்புள்ள வக்கீலம்மாவுக்கு,

இங்கே இருவரும் சௌக்கியம். அம்மாவுக்கு வீக்கம் பாதி வடிந்தது. படி மட்டும் ஏற முடியவில்லை. என் முதுகு எப்போதும் போல. நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா என்று அம்மா மூன்று தடவை எழுதச் சொன்னார்கள். ஒரு தடவை எழுதிவிட்டேன்.

வீட்டில் திட்டவில்லை என்று உன் அறைக்காரியிடம் சொல். சின்ன வயதிலிருந்தே நீ எல்லாரிடமும் மல்லுக்கு நிற்பவள். இப்போது அதற்கு ஒரு பட்டம் தரப்போகிறார்கள், அவ்வளவுதான்.

நீ படிப்பதை ஆலையில் என் மெஷின் ஏற்கெனவே படித்துவிட்டது. பெட்டி வெட்டி மிச்சமாகும் அட்டையெல்லாம் மேலே குழாய் வழியாக வந்து அதன் வயிற்றில் விழும். நிறைந்துவிட்டதா என்று பார்க்க உள்ளே ஒரு மின்கண் இருக்கிறது. கதவு மூடியிருக்க வேண்டும், மின்கண் மறைய வேண்டும். இரண்டும் சேர்ந்தால் இரும்புத் தகடு தானாக வந்து அமுக்கும். ஒரு கட்டு நானூறு கிலோ. சில சமயம் அட்டை குறுக்கே சிக்கிக்கொள்ளும். அப்போது கதவைத் திறந்து கொக்கியால் இழுக்க வேண்டும். கதவு திறந்ததும் ஒரு சுவிட்ச் மெஷினைப் பூட்டிவிடும். பிறகு சாவி போட்டுத் திருப்பினால்தான் ஓடும். சாவி மேற்பார்வையாளர் இடுப்பில். வந்து திருப்பிவிட்டுப் பதிவேட்டில் கையெழுத்துப் போட வேண்டும். சட்டம் அப்படி.

என்னோடு வேலை செய்பவரை, தடித்த மூக்குக்கண்ணாடி போட்டிருப்பதால், கண்ணாடிக்காரர் என்போம். ஐம்பத்திரண்டு வயது. நீ படிப்பதைச் சொன்னேன். "அப்ப உன் தங்கச்சிகிட்ட ஒண்ணு கேட்டு எழுது. என் பொண்டாட்டி 'நீங்க சொன்னா சரி'ங்கறா. நான் சொல்றதுக்கு முன்னாடியே முடிவு பண்ணிடறா. இதுக்கு உங்க பாடத்துல என்ன பேரு?" என்றார். பதில் எழுது, தினமும் கேட்கிறார்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அண்ணன்

செப்டம்பர் 4

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலம். இரண்டு நாள் சளி இருந்தது, போய்விட்டது. அம்மாவைப் படி ஏறவே விடாதே. துணி காயப்போடுவதை நீ செய்தால் கை தேய்ந்துவிடாது.

உன் மெஷினை வகுப்பில் சொன்னேன். சாக்பீஸ் பலகையில் அதை எழுதி, முழு அட்டவணையும் போட்டார். "யார் சொன்னா உனக்கு?" என்றார். அண்ணன் என்றேன். "நல்லா விவரிக்கத் தெரிஞ்சவரு" என்றார். இதை அம்மாவிடம் இரண்டு தடவை வாசி.

கண்ணாடிக்காரருக்குப் பதில்: அதற்குப் பெயர் கல்யாணம். எங்கள் பாடத்தில் வராது.

ஒரு சந்தேகம். அட்டை ஒரு நாளைக்கு எட்டு தடவை சிக்கும் என்று நீ வீட்டில் ஒரு முறை அலுத்துக்கொண்டது ஞாபகம். அப்படியானால் மேற்பார்வையாளர் எட்டு தடவை வந்து எட்டு கையெழுத்துப் போடுகிறாரா? அவருக்கு வேறு வேலையே நடக்காதே. எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

முதல் தேர்வு அடுத்த வாரம். உன் முதுகுக்குத் தைலம் தேய்த்துக்கொள்.

அன்புடன்,
தங்கை

செப்டம்பர் 27

அன்புள்ள தங்கச்சிக்கு,

அம்மா நலம். நானும் நலம், எனக்கு ஒரு கீறலும் இல்லை. செய்தித்தாளில் ஆலையின் பெயரைப் பார்த்து நீ பயந்திருப்பாயோ என்றுதான் இதை முதலில் எழுதுகிறேன்.

போன செவ்வாய்க்கிழமை கண்ணாடிக்காரர் இறந்துவிட்டார். என் மெஷினில்.

உனக்கு எழுதினால் எனக்குத் தூக்கம் வருமா என்று பார்க்கிறேன். அன்று ஏழு மணிக்கு ஆரம்பித்தோம். மேற்பார்வையாளர் பிள்ளையின் பள்ளிக்கூடத்தில் வேலை என்று பன்னிரண்டு மணிக்குத்தான் வந்தார். எட்டரைக்கு ஒரு தடவை, ஒன்பதே காலுக்கு ஒரு தடவை அட்டை சிக்கியது. கதவைத் திறந்து, இழுத்துப் போட்டுவிட்டு, ஓட்டினோம். பத்து மணிக்குள் பன்னிரண்டு கட்டு. பத்து மணிக்குத் தேநீருக்காக மெஷினை நிறுத்தியபோது எலக்ட்ரீஷியன் வந்தார். கதவுச் சுவிட்ச் பெட்டியைத் திறந்து, தூசி துடைத்து, இரண்டு வயரை இறுக்கிவிட்டுப் போனார். மாதாமாதம் செய்வதுதான்.

பதினொன்று நாற்பதுக்கு மறுபடியும் சிக்கியது. கண்ணாடிக்காரர் கதவைத் திறந்தார். கொக்கி எட்டவில்லை. ஒரு காலை உள்ளே வைத்தார், பிறகு அடுத்த காலையும் வைத்தார். அவர் நின்றது மின்கண்ணை மறைத்தது. தகடு வந்துவிட்டது.

மெஷினை நிறுத்தும் சிவப்புப் பொத்தான் நான் நின்ற இடத்திலிருந்து நான்கு எட்டு. ஓடி அடித்தேன். நான்கு எட்டு அதிகம்.

பக்கத் தகட்டைக் கடப்பாரையால் நெம்பித்தான் அவரை எடுத்தார்கள். அதில் கதவுச் சட்டமும் சுவிட்ச் பெட்டியும் பிய்ந்து வந்துவிட்டன. சுவிட்ச் கெட்டுப்போயிருக்கும் என்று பேசிக்கொள்கிறார்கள்.

இறுதிச் சடங்கு முடிந்துவிட்டது. நீ வர வேண்டாம், படிப்பைக் கெடுத்துக்கொள்ளாதே. அவர் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க பக்கத்துல இருந்தீங்களே, அது போதும்" என்றார்.

அண்ணன்

அக்டோபர் 3

அன்புள்ள அண்ணாவுக்கு,

நான் நலம். நீ எப்படி இருக்கிறாய் என்பதை மட்டும் எழுது. சாப்பிடுகிறாயா? வேலைக்குப் போகிறாயா, விடுப்பா?

உன் கடிதத்தைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் படிக்கட்டிலேயே உட்கார்ந்திருந்தேன். நான் அவருக்கு விளையாட்டாக எழுதிய பதிலை அவர் பார்த்தாரா இல்லையா என்று தெரியவில்லை. பார்க்காமல் இருந்தால் நல்லது என்று ஒரு நேரம் தோன்றுகிறது. பார்த்துச் சிரித்திருந்தால் நல்லது என்றும் தோன்றுகிறது.

நீ நான்கு எட்டில் போய்ச் சேர்ந்தாய். அதற்கு மேல் யாராலும் முடியாது. இதை நம்பு.

அம்மாவுக்கு எவ்வளவு தெரியும்?

அன்புடன்,
தங்கை

அக்டோபர் 15

அன்புள்ள தங்கச்சிக்கு,

இங்கே நலம். அம்மாவுக்கு விபத்து தெரியும். என் மெஷின் என்று தெரியாது. அப்படியே இருக்கட்டும். சாப்பிடுகிறேன். வேறு பகுதியில் பெட்டி அடுக்கும் வேலை கொடுத்திருக்கிறார்கள்.

விசாரணைக்கு அரசாங்கத்திலிருந்து ஒரு அதிகாரி வந்திருக்கிறார். பக்கத்தில் இருந்தவன் நான் ஒருவன்தான் என்பதால் என் வாக்குமூலம் முக்கியமாம். மேனேஜரும் மேற்பார்வையாளரும் என்னை உட்கார வைத்துப் பேசினார்கள். "பயப்படாதே. நீ பார்த்ததை வரிசையா எழுது, போதும். உன்மேல எதுவும் வராது" என்றார் மேற்பார்வையாளர். எலக்ட்ரீஷியனை வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருக்கிறார்கள். அவர் தொட்டுவிட்டுப் போன ஒன்றரை மணி நேரத்தில் நடந்ததால்.

நான் எழுதியதன் நகலை உனக்கு அனுப்புகிறேன். நீதான் வக்கீலம்மா ஆயிற்றே. அதிகாரி ரொம்பக் குடைகிறவர் என்கிறார்கள். எங்காவது ஓட்டை இருந்தால் சொல்.

"ஒன்று. மெஷினைத் திறக்கும் சாவி மேற்பார்வையாளரிடம் மட்டுமே உண்டு. அவர் அன்று பன்னிரண்டு மணிக்கு வந்தார்.
இரண்டு. பத்து மணிக்கு முன் இரண்டு முறை அட்டை சிக்கியது. கதவைத் திறந்து எடுத்துவிட்டு வழக்கம்போல் ஓட்டினோம்.
மூன்று. பத்து மணி வரை கதவுச் சுவிட்ச் ஒழுங்காக வேலை செய்தது.
நான்கு. பத்து மணிக்கு எலக்ட்ரீஷியன் சுவிட்ச் பெட்டியைத் திறந்து வயரைக் கையாண்டார். ஓட்டிச் சோதிக்கவில்லை.
ஐந்து. பதினொன்று நாற்பதுக்குக் கதவு திறந்திருக்கும்போதே தகடு நகர்ந்தது."

சீக்கிரம் பதில் போடு. குளிர் ஆரம்பித்துவிட்டது, கம்பளி போர்த்திக்கொண்டு படு.

அண்ணன்

அக்டோபர் 22

அன்புள்ள அண்ணாவுக்கு,

நான் நலம். நீங்கள் இருவரும் நலமாக இருக்க வேண்டும்.

கேட்டதைச் செய்தேன். வகுப்பில் யாரிடமும் காட்டவில்லை. கணக்குத் தாளின் பின்பக்கத்தில் போட்டுப் பார்த்தேன். மூன்று தடவை போட்டேன், மூன்று தடவையும் ஒரே விடை.

முதல் மூன்று வரிகளும் சேர்ந்து உண்மையாக இருக்க முடியாது.

சுவிட்ச் ஒழுங்காக இருந்தால், கதவைத் திறந்ததும் மெஷின் பூட்டிக்கொள்ளும். பூட்டிக்கொண்டால் சாவி இல்லாமல் ஓடாது. சாவி பன்னிரண்டு மணிக்குத்தான் வந்தது. அப்படியானால் எட்டரைக்கு நீங்கள் கதவைத் திறந்தவுடன் மெஷின் நின்று, பன்னிரண்டு வரை நின்றிருக்க வேண்டும். ஆனால் அது ஓடியது. பன்னிரண்டு கட்டு கட்டியது. ஆகையால் எலக்ட்ரீஷியன் வருவதற்கு ஒன்றரை மணி நேரம் முன்பே அந்தச் சுவிட்ச் வேலை செய்யவில்லை.

எங்காவது எனக்குத் தெரியாத விஷயம் இருக்கலாம். வேறு சாவி இருந்ததா? அன்று வேறு யாராவது திருப்பினார்களா? எந்த வரி தவறு என்று என் கணக்கு சொல்லாது. ஏதோ ஒன்று தவறு என்று மட்டும்தான் சொல்லும். எது என்று உனக்குத்தான் தெரியும்.

அண்ணா, கேட்டால் கோபித்துக்கொள்ளாதே. செப்டம்பரில் ஒரு சந்தேகம் கேட்டிருந்தேன், எட்டு கையெழுத்து பற்றி. அதற்கு நீ பதில் எழுதவில்லை.

அம்மாவுக்கு என் அன்பு.

தங்கை

நவம்பர் 20

அன்புள்ள தங்கச்சிக்கு,

நாங்கள் நலம். தாமதத்துக்கு மன்னித்துக்கொள். அம்மாவுக்குப் புதுக் கண்ணாடி போட்டிருக்கிறது. இருந்தும் உன் கடிதங்களை நான்தான் வாசிக்கிறேன். போன கடிதத்தில் முதல் வரியையும் கடைசி வரியையும் மட்டும் வாசித்தேன். "இவ்வளவுதானா எழுதியிருக்கா?" என்றார்கள்.

நீ சொன்னது சரி. நல்ல வேளை, உன்னிடம் காட்டினேன். இரண்டாவது வரி மற்றதோடு பொருந்தவில்லை. அதை எடுத்துவிட்டேன். காலையில் அட்டை சிக்கவே இல்லை என்று எழுதிக் கொடுத்தேன். அது தினமும் சிக்கும் என்பதற்குப் பதிவேட்டில் எதுவும் இல்லை, அதனால் யாரும் கேட்கவில்லை. அதிகாரி இரண்டு மணி நேரம் குடைந்தார். முன்னால் கேட்டதையே பின்னால் மாற்றிக் கேட்டார். ஓரிடத்திலும் தட்டவில்லை. முடிந்ததும், "இவ்வளவு தெளிவா சாட்சி சொன்னவரை நான் பார்த்ததில்லை" என்றார்.

பிறகு எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டார்கள். என் வாக்குமூலத்தை அவருக்கு வாசித்துக் காட்டினார்கள். அவர் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார். "நீங்க என்ன சொல்றீங்க?" என்றதற்கு, "இருக்கலாம் சார். வயரை மாத்தி மாட்டியிருக்கலாம். சோதிச்சுப் பார்க்காம போனது என் தப்புதான்" என்றார்.

ஜனவரி இருபதாம் தேதி அவர் ஒப்புதலில் கையெழுத்துப் போட வேண்டும். அதற்குப் பிறகு வழக்கு கோர்ட்டுக்குப் போகும். ஒப்புக்கொண்டதால் இரண்டு வருடத்துக்கு மேல் தண்டனை கிடைக்காது என்கிறார்கள்.

செப்டம்பர் இருபத்தேழாம் தேதி உனக்கு எழுதிய கடிதத்தையும், அந்த நகலையும் கிழித்துப் போட்டுவிடு. வீண் குப்பை.

உடம்பைக் கவனித்துக்கொள்.

அண்ணன்

நவம்பர் 26

அண்ணாவுக்கு,

நான் நலம். அம்மாவுக்குப் புதுக் கண்ணாடி பழகட்டும்.

உன் கடிதம் வந்த அன்று வகுப்பு முடிந்ததும் சாக்பீஸ் அறைக்குப் போனேன். யார், எது என்று சொல்லவில்லை. "மேடம், ஒருத்தர் பொய்யை எல்லாம் ஒண்ணோடொண்ணு முரண்படாம அடுக்கிட்டா, நாம கண்டுபிடிக்க முடியுமா?" என்று கேட்டேன்.

"இந்தப் பாடத்தை வச்சா? முடியாதும்மா. வரிக்கு வரி பொருந்துதான்னுதான் இது பார்க்கும்."

"அப்ப எப்படித்தான் கண்டுபிடிக்கறது?"

"எழுந்து போய்ப் பார்க்கணும்" என்றார்.

நான் போய்ப் பார்க்க வேண்டியதில்லை. நீ ஏற்கெனவே எனக்கு எழுதியிருக்கிறாய். எட்டரைக்குக் கதவு திறந்தது, மெஷின் நிற்கவில்லை. ஒன்பதே காலுக்கும் நிற்கவில்லை. நீ கண்ணால் பார்த்தாய். அப்போது நீ ஆச்சரியப்படவும் இல்லை. அது நிற்காது என்று உனக்கு முன்பே தெரியும். அந்தச் சுவிட்சில் என்ன வைத்திருந்தீர்கள்?

உன் கதையில் இருந்த கிழிசலைக் காட்டிக்கொடுத்தவள் நான். அதை நீ தைத்துவிட்டாய். என்னிடம் காட்டாமல் இருந்திருந்தால் அந்த அதிகாரி அதே இடத்தில் கையை விட்டிருப்பார். இரண்டு மணி நேரம் தேடியிருக்கிறார், கிடைக்கவில்லை. ஏனென்றால் நான் முதலில் தேடிக் கொடுத்துவிட்டேன். ஒரு மனிதர் செய்யாத தப்பைச் செய்ததாகத் தானே நம்பும் அளவுக்கு அது பொருந்திவிட்டது.

இருபதாம் தேதிக்குள் நீயே போய் எலக்ட்ரீஷியனிடம் சொல். அதிகாரியிடம் அப்புறம் போகலாம். முதலில் அவரிடம்.

கடிதங்களை நான் கிழிக்கவில்லை.

தங்கை

டிசம்பர் 24

அன்புள்ள தங்கச்சிக்கு,

அம்மா நலம். என்னைப் பற்றிக் கேட்காதே.

நீ கேட்டதற்குப் பதில், காந்தம். பழைய ஒலிபெருக்கியிலிருந்து பிரித்த சின்னக் காந்தம். சுவிட்சின் மேல் ஒட்டிவிட்டால், கதவு மூடியிருப்பதாகவே அதற்குத் தோன்றும். இரண்டு வருடத்துக்கு முன் மேற்பார்வையாளரே கொண்டுவந்து தந்தார். "ஒரு நாளைக்கு எட்டு தடவை என்னை இழுக்காதீங்கப்பா" என்றார். எழுத்தில் எதுவும் கிடையாது. கேட்டால் இல்லை என்பார். எலக்ட்ரீஷியன் கண்டால் சத்தம் போடுவார் என்று, அவர் வரும் நேரத்தில் மட்டும் கழற்றிவிடுவோம். அன்று பத்தேகாலுக்குத் திரும்ப ஒட்டியது என் கை.

கண்ணாடிக்காரர் முட்டாள் இல்லை. உள்ளே காலை வைக்கும் முன் என்னைக் கேட்டார். "காந்தத்தை எடுத்துட்டியா?" நான் அப்போது கட்டுக்குக் கம்பி முறுக்கிக்கொண்டிருந்தேன். "எடுத்தாச்சு" என்றேன். எடுக்கவில்லை. முறுக்கி முடித்துவிட்டுப் போய் எடுக்கலாம், நான்கு எட்டுதானே என்று நினைத்தேன்.

பொத்தானை அடித்ததும் நான் அவரைப் பார்க்கவில்லை. காந்தத்தைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டேன். அதற்குப் பிறகுதான் கத்தினேன்.

போன ஞாயிற்றுக்கிழமை எலக்ட்ரீஷியன் வீட்டுக்குப் போனேன். நீ சொன்னதால்தான் போனேன். அவர் மனைவி கதவைத் திறந்து, "உள்ளதான் இருக்காரு. சாப்பிடவே மாட்டேங்கறாரு, நீங்களாவது சொல்லுங்க" என்றார். அவர் மேசை முன்னால் உட்கார்ந்திருந்தார். மேசையில் அதே மாதிரி ஒரு சுவிட்ச் பெட்டி, இரண்டு வயர், ஒரு திருப்புளி. கண்ணை மூடிக்கொண்டு மாட்டிக்கொண்டிருந்தார். மாட்டிவிட்டு, கண்ணைத் திறந்து பார்த்து, ஒரு தாளில் கோடு போட்டார்.

"என்ன செய்றீங்க?" என்றேன்.

"பத்து பத்தா மாட்டிப் பார்க்கறேன் தம்பி. எட்டு சரியா வருது. ரெண்டு மாறிப்போகுது. அன்னைக்கு அந்த ரெண்டுல ஒண்ணா இருந்திருக்கும்."

"நீங்க கண்ணைத் திறந்துக்கிட்டுதானே மாட்டினீங்க?"

"திறந்துதான் இருந்துச்சு. ஆனா பார்த்தேனான்னு தெரியல."

அப்போது சொல்லிவிட்டேன். "அண்ணே, உங்க வயர்ல தப்பில்ல. நான் சுவிட்ச்ல காந்தம் வச்சிருந்தேன். தப்பு என்னுது."

அவர் திருப்புளியைக் கீழே வைத்தார். பிறகு என் தோளில் கையை வைத்து, "நீ நல்லவன்பா" என்றார். "என்மேல இரக்கப்பட்டு உன் தலையில இழுத்துப் போட்டுக்காதே. உங்கம்மாவுக்கு உன்னை விட்டா யாரு இருக்கா? தங்கச்சி வேற படிக்குது. நீ அன்னைக்குச் சொன்னதை முழுசாக் கேட்டேன். ஒரு இடத்துல கூடப் பிசகல. பொய் சொல்றவனுக்கு அப்படி வராது."

உள்ளே திரும்பி, "தம்பிக்குத் தேநீர் போடு" என்றார்.

நான் இரண்டாவது தடவை சொல்லவில்லை. தேநீரைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

தேர்வு எப்போது முடிகிறது? நன்றாக எழுது.

அண்ணன்

ஜனவரி 12

அன்புள்ள அண்ணாவுக்கு,

நான் நலம். அம்மாவும் நீயும் எப்படி இருக்கிறீர்கள்? அம்மா படி ஏறாமல் இருக்கிறார்களா?

தேர்வு முடிந்தது. கடைசிக் கேள்வியை எழுதாமல் தாளைக் கொடுத்துவிட்டு வந்தேன். ஐந்து வாக்கியங்களைக் கொடுத்து, எல்லாம் சேர்ந்து உண்மையாக இருக்க முடியுமா என்று கேட்டிருந்தார்கள்.

உன் கடிதம் என் மேசையில் பதினேழு நாளாக இருந்தது. ஒவ்வொரு நாளும் தபால்காரர் வரும் நேரத்தில் கீழே போய் நின்றேன். "மறுபடியும் போனேன், சொல்லிவிட்டேன்" என்று ஒரு வரி வரும் என்று எதிர்பார்த்தேன்.

இன்று காலை தபால் நிலையத்துக்குப் போனேன். நீ செப்டம்பர் இருபத்தேழாம் தேதி எழுதிய கடிதம், முதல் வாக்குமூலத்தின் நகல், டிசம்பர் கடிதம், மூன்றையும் ஒரே உறையில் வைத்து எலக்ட்ரீஷியன் பெயருக்கே பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டேன். நீ வாயால் சொன்னதை நம்பாதவர் உன் கையெழுத்தை நம்புவார். காந்தத்தைத் தந்தவரைப் பற்றியும் அதில் இருக்கிறது. கூடவே நான் அரைப்பக்கம் எழுதினேன். அதில் சொல்லியிருப்பது இவ்வளவுதான்: "ஐயா, இது என் அண்ணன் எழுதியது. நடந்த ஐந்தாம் நாளே, யாரும் கேட்காமல் எழுதியதும் இதில் இருக்கிறது. அதிகாரியிடம் கொடுப்பது உங்கள் விருப்பம். எது செய்தாலும் அந்த இரண்டு வயரையும் மேசையிலிருந்து எடுத்துவிடுங்கள்."

இந்தப் பருவத்துக்கு விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டேன். அம்மாவோடு இருக்க நான் வருகிறேன், ஞாயிற்றுக்கிழமை வண்டி. சாக்பீஸ் காரணம் கேட்டார். வீட்டில் உடம்பு சரியில்லை என்றேன். அவர் என்னை நம்பினார்.

தபால் நிலையத்தில் விசாரித்தேன். சாதாரணத் தபால் இரண்டு நாளில் வந்துவிடுமாம். பதிவுத் தபாலுக்கு மூன்று நாள். இந்தக் கடிதம் வியாழக்கிழமை உன் கைக்கு வரும். அது வெள்ளிக்கிழமைதான் அவர் கைக்குப் போகும். நடுவில் ஒரு நாள் இருக்கிறது.

சாப்பிட்டுவிட்டுப் போ.

அன்புடன்,
தங்கை